கந்தரெல் முளைக்கும் இடம்

ஆகஸ்ட் 14, திங்கள்

இந்தக் கொப்பியை எனக்கு வாங்கித் தந்தவள் என் மனைவி ஞானேஸ்வரி. அன்பினால் அல்ல. முப்பத்தொரு வருடம் ஒஸ்லோவில் டிராம் ஓட்டிவிட்டு ஆறு கிழமைக்கு முன் ஓய்வு பெற்றேன். அன்று முதல் வீட்டில் இருந்துகொண்டு அவளுக்கு ஆலோசனை சொல்கிறேனாம். வெங்காயத்தை எப்படி வெட்டுவது, சோற்றுப் பானையை எந்த அடுப்பில் வைப்பது என்றெல்லாம் நான் சொல்வது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இஞ்சருங்கோ, மனதிலை வாறதெல்லாத்தையும் இதிலை எழுதுங்கோ. எனக்குச் சொல்லாதேங்கோ" என்று கொப்பியை மேசையில் போட்டாள். சரி, எழுதுகிறேன். வெங்காயம் இன்றும் கருகித்தான் போனது.

எதிர்வீட்டுக் குன்வூர் கிழவிக்கு ஞானம் சூப் கொண்டுபோய்க் கொடுத்தாள். எண்பத்துநாலு வயது. மே மாதம் பனிக்கட்டியும் இல்லாத நேரத்தில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். இப்போது தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். இருபத்திரண்டு வருடமாக எதிரெதிர்க் கதவுகளில் இருக்கிறோம். எங்கள் பேச்சு இவ்வளவுதான்: அவர் "ஹை" என்பார், நானும் "ஹை" என்பேன்.

அவருக்கு ஒரே மகன். பெயர் தூரே. பேர்கன் நகரத்தில் இருக்கிறான். அம்மா தனியே இருப்பது சரிவராது, பேர்கனில் தன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் விடப்போகிறானாம். செப்டெம்பர் முப்பதாம் திகதி வந்து முடிவெடுப்பானாம். கிழவிக்குக் கொஞ்சமும் விருப்பமில்லையாம். இதெல்லாம் ஞானம் சொன்னது. எங்களுக்கு ஏன் ஊர்வம்பு என்றேன். "அதையும் கொப்பியிலை எழுதுங்கோ" என்றாள்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

இதை எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

காலையில் குன்வூர் கதவைத் தட்டினார். "ஒரு மின்குமிழ் மாத்த வேணும். நீர் ஒருக்கா வருவீரோ?" (நோர்வே ஆட்களுக்கு டாக்டரானாலும் டிராம்காரனானாலும் எல்லாரும் ஒன்றுதான், மரியாதைச் சொல் கிடையாது. ஆனாலும் எண்பத்துநாலு வயது மனுசி பேசுவது என் காதில் 'நீர்' என்றுதான் விழுகிறது. எங்கள் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.)

போனேன். மின்குமிழ் பழுதில்லை, தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். இறுக்கிவிட்டுத் திரும்பினால் கிழவி வாசல் கதவைச் சாத்திப் பூட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்கு நெஞ்சு திக் என்றது.

"இரும். கோப்பி குடியும். உமக்கு ஒரு விசயம் சொல்லப்போறன். உமக்கு மட்டும்தான்."

விசயம் கந்தரெல். காளான். முட்டை மஞ்சள் நிறத்தில் காட்டில் முளைக்குமே, அது. இந்த நாட்டில் காணி பூமி எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்வார்கள், சம்பளத்தைக் கேட்டால்கூட முழுசிவிட்டுச் சொல்வார்கள். கந்தரெல் எங்கே பிடுங்கினாய் என்று மட்டும் கேட்கக்கூடாது. காளானைத் தருவார்கள், இடத்தைச் சொல்லமாட்டார்கள். என்னோடு டிராம் ஓட்டிய ஒருவன், இருபது வருடச் சிநேகிதன், "காட்டிலை" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவன்.

குன்வூருக்கு அவருடைய இடத்தைச் சொன்னது அவருடைய அம்மா. செத்துப்போவதற்கு முதல் நாள் சொன்னாராம். குன்வூரின் புருஷன் நாற்பது வருடம் அந்தக் காளானைத் தின்றும் இடம் தெரியாமலே போய்ச் சேர்ந்தாராம்.

"என்னாலை இந்த வருசம் போக ஏலாது. சும்மா கிடந்து அழுகிறதை நினைச்சால் எனக்கு வயிறு எரியுது. நீர் போம். பாதி உமக்கு, பாதி எனக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும். பதினொரு மணிக்கு என்ரை பங்கைக் கொண்டுவாரும். மனிசிக்கும் சொல்லக்கூடாது."

"சத்தியமாச் சொல்லமாட்டன்."

"எதிலை சத்தியம்?"

"நல்லூர்க் கந்தன் மேலை."

"ஆர் அவர்? கண்டிப்பானவரோ?"

"கையிலை வேல் வைச்சிருக்கிறார்."

"அப்ப காணும்" என்று இடத்தைச் சொன்னார். கடதாசியில் எழுத விடவில்லை. மூன்று தரம் திருப்பிச் சொல்ல வைத்தார்.

இருபத்திரண்டு வருடமாக ஹை சொன்ன மனுசி, இந்த முழுக் கட்டடத்திலும் என்னைத்தான் நம்பியிருக்கிறார். ஒரு மனுசனுடைய தராதரம் சும்மா தெரியாமலா போகும்? இடத்தை இங்கேயும் எழுதமாட்டேன். இன்றிலிருந்து இந்தக் கொப்பி என் டிராம் சீருடைப் பெட்டிக்கு அடியில் இருக்கும்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

கண்டுவிட்டேன்! பஸ்ஸில் கடைசித் தரிப்பு வரை போய், அங்கிருந்து ஒரு மணித்தியால நடை. ஞானத்திடம் டாக்டர் நடக்கச் சொன்னவர் என்று சொல்லிவிட்டுப் போனேன். (டாக்டர் சொன்னது உண்மை. இரண்டு வருடத்துக்கு முன்.)

முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பாசி, புளூபெரிச் செடி, பியோர்க் மரத்தின் பழுத்த இலைகள். கிழவி என்னைப் பேய்க்காட்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு ஒரு கல்லில் குந்தினேன். குந்தியபோதுதான் பார்த்தேன், பழுத்த இலை என்று நினைத்த ஒன்று இலை இல்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. சரிவு முழுக்க மஞ்சள். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் பழ வாசம் அடிக்கிறது. அறுபத்தேழு வயதில் பாசியில் முழங்காலில் நின்றுகொண்டு நான் தனியே சிரித்தேன். யாரும் பார்க்கவில்லை.

பதினொரு மணிக்குக் குன்வூர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "வெட்டத் தெரியுது. ஆனால் மண்ணோடை கொண்டு வாறீர். காட்டிலையே துடைக்க வேணும்." பிறகு கோப்பி, பிறகு கதை. அவர் தபால் கந்தோரில் வேலை செய்தவராம். கடிதம் வராதவர்களின் முகங்கள் இன்னும் ஞாபகம் இருக்கிறதாம். ஒன்றரை மணித்தியாலம் இருந்துவிட்டேன்.

என் பங்கை வீட்டுக்குக் கொண்டுபோய், "குன்வூர் தந்தவ" என்றேன். ஞானம் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "உங்களுக்கும் தந்தவவோ?" என்றாள். பையை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

ஞானம் கந்தரெலில் யாழ்ப்பாணத் தூள் போட்டுப் பிரட்டல் வைத்தாள். குன்வூருக்குத் தெரிந்தால் சத்தியத்தைத் திருப்பி வாங்கிவிடுவார். இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 26, சனி

ஞானம் காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். கையில் ஒரு பை கந்தரெல். "குன்வூர் தந்தவ" என்கிறாள். எனக்குச் சுர்ரென்றது. நான் நாரி முறியக் குனிந்து பிடுங்கிக் கொடுத்ததைக் கிழவி என் வீட்டுக்கே தானம் பண்ணுகிறார்! ஆனால் அதையும் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

ஞானத்தின் சப்பாத்து முழுக்கச் சேறு. கோயில் கார்த் தரிப்பிடத்தைக் கிண்டிப் போட்டிருக்கிறார்களாம். நெற்றியில் திருநீறும் இல்லை. பூச மறந்துவிட்டாளாம். வயது போகிறது, பாவம்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

கள்ளன்! என் இடத்தில் கள்ளன்!

சரிவின் மேல்பக்கம் முழுக்க வெட்டியிருக்கிறது. அதுவும் கத்தியால், ஒரே உயரத்தில், வெட்டிய அடிக்கட்டைக்கு மேல் பாசியை இழுத்து மூடி. சுத்தமான வேலைக்காரக் கள்ளன். கீழ்ப்பக்கம் இன்னொரு விதமாக, முறித்து எடுத்திருக்கிறது. ஒரு கிழமைக்குள் எப்படி? யாரோ என்னைப் பின்தொடர்ந்திருக்க வேண்டும்.

குன்வூரிடம் சொன்னேன். அவர் கோப்பியை ஆற்றிக்கொண்டே, "மானாயிருக்கும்" என்றார்.

கத்தி வைத்திருக்கிற மானை நான் காணவில்லை.

அவருடைய குளிர்ப்பெட்டியில் என் பையை வைக்கப் போனால் உள்ளே இடமில்லை. எல்லாம் கந்தரெல். போன வருடத்தது என்றார்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

தூரே போன் எடுத்தான். ஞானத்தை அல்ல, என்னைக் கேட்டு எடுத்தான். மரியாதையான பொடியன், பொடியன் என்றாலும் ஐம்பத்திரண்டு வயது.

"அம்மாவின்ரை இடுப்பு சுகமாயிடும், எனக்கு அந்தக் கவலை இல்லை" என்றான். "ஞாபகம்தான் பயம். அப்பாவுக்கும் இப்பிடித்தான் தொடங்கினது. சொன்னதையே சொல்லுவார். நான் தூரத்திலை இருந்து போனிலை கதைச்சுக்கொண்டு, அவர் நல்லாய் இருக்கிறார் எண்டு நினைச்சன். அடுப்பை மூட்டிப்போட்டு வெளியிலை போனவர். நீங்கள் எதிர்வீடு. ஞாபகம் சரியாய் இருந்தால் அவ அங்கையே இருக்கட்டும். இல்லையெண்டால் ஒக்டோபரிலை இஞ்சை ஒரு அறை இருக்கு. வரேக்கை உங்களைக் கேட்பன், உள்ளதைச் சொல்லுங்கோ."

சொல்கிறேன் என்றேன். இதில் என்ன? கிழவிக்கு என்னைவிட ஞாபகம்.

செப்டெம்பர் 3, ஞாயிறு

மறுபடியும் வெட்டு. எனக்கு மிஞ்சியது சொட்டு. ஆள் யாரென்று கண்டுபிடித்துவிட்டேன்: இரண்டாம் மாடி மாரெக். போலந்துக்காரன், தச்சு வேலை. வெள்ளி பின்னேரம் படிக்கட்டில் ஒரு கூடையைத் துவாயால் மூடிக்கொண்டு வந்தான். என்ன அது என்றேன். தோய்த்த உடுப்பு என்றான். எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கிற இடம் நிலவறையில் இருக்கிறது. அவன் வெளியிலிருந்து வந்தான். நான் டிராம் ஓட்டியவன், டிக்கட் இல்லாமல் ஏறுகிறவனின் முகம் எனக்குத் தெரியாதா?

செப்டெம்பர் 7, வியாழன்

திங்கள் தொடக்கம் ஓயாத மழை. யாரும் வெளியே போகவில்லை. காளானுக்கு நல்லது. சனிக்கிழமை வெயிலாம். கள்ளன் சனிக்கிழமை வருவான். நானும் வருவேன்.

செப்டெம்பர் 9, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஏழு மணிக்கே கிளம்பினேன். ஞானம் கோயிலுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். இடத்துக்குப் போய் ஒரு பெரிய ஊசியிலை மரத்துக்குப் பின்னால் பதுங்கினேன். சட்டைக்குள் நீர் சொட்டுகிறது. ஒன்பது மணிக்குக் காலடிச் சத்தம். தலையில் துண்டு கட்டி, இடுப்பில் கடகப் பெட்டி வைத்து, ஒரு உருவம் நேரே சரிவுக்கு வந்து குனிந்து, வெட்டி, பாசியை இழுத்து மூடியது. எனக்குத் தெரிந்த குனிவு. நாற்பது வருடமாக அரிசிப் பானைக்கு முன்னால் நான் பார்த்துவரும் குனிவு.

"ஞானம்!"

கடகம் எகிறிப் போய் விழுந்தது. "ஐயோ கடவுளே! நீங்களோ!"

"நீர் இஞ்சை என்ன செய்யிறீர்? இதுதானோ கோயில்?"

"இதுதானோ நூலகம்?"

நான் கடகத்தை எடுத்துக் கொடுத்தேன்.

"எனக்குக் குன்வூர் சொன்னவ" என்றாள். "யூலையிலையே. போத்தில் மூடி திறக்கேல்லை எண்டு கூப்பிட்டவ. உங்களுக்கும் சொல்லக்கூடாது எண்டு சத்தியம் வாங்கினவ. சனிக்கிழமையிலை மட்டும் போகச் சொன்னவ."

"எனக்கு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு மட்டும்தான் எண்டு சொன்னவ."

"எனக்கும் அப்பிடித்தான் சொன்னவ."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க, பின்னால் ஒரு சுள்ளி முறிந்தது. மாரெக். கூடையை முதுகுக்குப் பின் மறைத்துக்கொண்டு, பலகைக்கு மரம் பார்க்க வந்தேன் என்றான். அவன் சொல்லி வாய் மூடவில்லை, மேல்பக்கத்திலிருந்து எங்கள் கட்டடத்து டாக்சிக்கார இம்தியாஸ் இறங்கி வந்தார். தன் நாயைத் தேடுகிறாராம். "உங்களிட்டை நாய் இல்லையே" என்றாள் ஞானம். "அதுதான் தேடிறன்" என்றார் மனுசன். கடைசியாக முதலாம் மாடி செலாம் வந்தாள். எரித்திரியாப் பிள்ளை, முதியோர் இல்லத்தில் தாதி. அவள் மட்டும்தான் பொய் சொல்லவில்லை. எங்கள் எல்லாரையும் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் சொன்னவவோ?" என்று கேட்டாள்.

பாசியில் குந்தினோம். ஞானம் கொண்டுவந்த ரொட்டியைப் பிய்த்துப் பகிர்ந்தோம். மழை பெய்து கெடுத்ததால் எல்லாரும் இன்று வந்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் இம்தியாசுக்குத் திங்கள், செலாமுக்குப் புதன், மாரெக்குக்கு வெள்ளி. அதனால்தான் இவ்வளவு நாளும் ஒருவரையொருவர் சந்திக்கவில்லை. மாரெக் தன் பங்குக்கு மாதா மேல் சத்தியம் பண்ணினானாம், இம்தியாஸ் குர்ஆன் மேல். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது.

செலாம் சிரிக்கவில்லை. "எங்கடை வாட்டிலையும் இப்பிடித்தான் தொடங்கும்" என்றாள். "'உனக்கு மட்டும் சொல்லுறன்' எண்டு ஒரு கதையை எல்லாருக்கும் சொல்லுவினம். சொன்னது ஞாபகம் இராது."

அதற்குப் பிறகு ரொட்டி யாருக்கும் இறங்கவில்லை. ஒன்று மட்டும் தீர்மானித்தோம். குன்வூருக்கு இது தெரியக்கூடாது. அவரவர் தங்கள் நாளில் போவது, தான் மட்டும்தான் என்று காட்டிக்கொள்வது.

தூரேக்கு என்ன சொல்வது என்று யாரும் கேட்கவில்லை. அவன் கேட்கப்போவது என்னை.

செப்டெம்பர் 10, ஞாயிறு

குன்வூரின் ஞாபகத்தைச் சோதித்தேன். தெரியாத மாதிரி, இன்றைக்கு என்ன திகதி என்றேன். "உம்மடை கைக்கடிகாரத்திலை இருக்கு" என்றார். பிரதம மந்திரி யார் என்றேன். "உமக்குக் காய்ச்சலோ?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

போகும்போது, "ஒருத்தருக்கும் சொல்லேல்லைத்தானே?" என்றார்.

"இல்லை" என்றேன். அந்தக் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்வது கஷ்டமாக இருந்தது.

செப்டெம்பர் 13, புதன்

வீட்டில் தூசி தட்டினேன். ஞானம் என்ன யோசனை என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

செப்டெம்பர் 19, செவ்வாய்

ஞானத்தோடு சண்டை.

"ஞாபகம் நல்லாய் இருக்கு எண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதான். உங்களுக்கு வாய் வலிக்குமே?"

"அடுப்பை மூட்டிப்போட்டுப் போனால்? அந்தப் பொடியன் என்னை நம்பிக் கேக்கிறான்."

"அப்ப சொல்லுங்கோ, கொண்டுபோகட்டும். பிறகு ஞாயிற்றுக்கிழமையிலை ஆரோடை ஒண்டரை மணித்தியாலம் இருந்து கதைப்பீங்கள்? என்னோடை கதைக்கிறேல்லை."

இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? எதிர்வீட்டில் யார் இருந்தால் எனக்கென்ன? வேறு யாராவது வருவார்கள். ஹை சொல்வார்கள். நானும் ஹை சொல்வேன்.

செப்டெம்பர் 24, ஞாயிறு

மழையில்லை, காளான் குறைவு. கிடைத்த எல்லாவற்றையும் குன்வூருக்கே கொடுத்தேன். என் பங்கு வேண்டாம் என்றதற்கு, "சுகமில்லையோ?" என்றார்.

சுவரோரம் ஒரு பெட்டி எடுத்து வைத்திருந்தது. போக வேண்டி வந்தால் என்று தூரே சாமான் அடுக்கச் சொன்னானாம். பெட்டி வெறுமையாக இருந்தது. அதற்குள் என்ன வைப்பது என்று தெரியவில்லையாம். "கந்தரெல் சரிவைப் பெட்டியிலை வைக்க ஏலாது, பாரா" என்றார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. பரராசசிங்கம் என்பது நோர்வே வாயில் பாரா.

எழுதிவிடுகிறேன், யார் வாசிக்கப் போகிறார்கள்: எனக்கு அந்தக் கிழவி போவது விருப்பமில்லை. கொஞ்சமும் விருப்பமில்லை.

தூரே கேட்டால் உள்ளதைச் சொல்லும் என்று அவரே சொன்னார். "நீர் பொய் சொன்னால் காது சிவக்குது. போன ரண்டு கிழமையும் பாத்தனான்."

செப்டெம்பர் 29, வெள்ளி

தீர்மானித்துவிட்டேன். பொய்தான் சொல்லப் போகிறேன். காதை மூடத் தொப்பி போடுகிறேன்.

செப்டெம்பர் 30, சனி

தூரே வந்தான். உயரமான ஆள், அம்மாவின் மூக்கு. எங்கள் இரண்டு பேரையும் குன்வூர் வீட்டுக்குக் கோப்பிக்குக் கூப்பிட்டான். செலாம், மாரெக், இம்தியாஸ் மூன்று பேரும் கூப்பிடாமலே வந்து, ஏதோ மின்சாரம் பார்க்க வந்தவர்கள் மாதிரிச் சுவரோரம் நின்றார்கள். குன்வூர் ஜன்னலோரக் கதிரையில்.

தூரே நேரே கேட்டான். "அம்மா மறக்கிறாவோ? சொன்னதையே சொல்லுறாவோ?"

தொப்பியை இழுத்துவிட்டேன். "இல்லை" என்று சொல்ல வாயைத் திறந்தேன். தூரே கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கதிரை நுனிக்கு வந்து என் முகத்தையே பார்த்தான். தகப்பன் அடுப்பை மூட்டிவிட்டு வெளியே போனபோது இவன் பேர்கனில் இருந்திருக்கிறான். இவனுக்கு எப்படிப் பொய் சொல்வது?

"ஒரு ரகசியத்தை" என்றேன், "எனக்கு மட்டும் எண்டு சொன்னவ. அதையே இவைக்கும் சொல்லியிருக்கிறா. அஞ்சு பேருக்கும். ஒவ்வொருத்தருக்கும், உனக்கு மட்டும்தான் எண்டு."

ஞானம் என் தொடையில் கிள்ளிய இடம் இன்னும் சிவந்திருக்கிறது. செலாம் தலையைக் குனிந்துகொண்டாள். தூரே கண்ணை மூடினான். எனக்கு எழும்பி ஓடிவிடலாம் போல இருந்தது.

அப்போது ஜன்னலோரத்தில் ஒரு சத்தம். அழுகிறார் என்று நினைத்தேன். கிழவி சிரிக்கிறார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார்.

"திங்கள் இம்தியாஸ்" என்றார். "பின்னேரம் நாலு மணி. கோப்பிக்கு மூண்டு சீனி. புதன் செலாம், வேலை முடிஞ்சு ஆறரைக்கு, தன்ரை களைச்ச காலைக் கதிரையிலை தூக்கி வைப்பா. வெள்ளி மாரெக். அவன் கதைக்கமாட்டான், ஆனால் கதவுப் பிணைச்சலுக்கு எண்ணெய் விடுவான். சனி ஞானம், அவ வெட்டினால் பாசியை மூடிவிடுவா. ஞாயிறு பாரா, பதினொரு மணி. அவர் வந்து இருந்தால் எழும்பமாட்டார்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஞாபகமெல்லாம் இருக்கு, தூரே. எல்லாம் தெரிஞ்சுதான் சொன்னனான். விழுந்து ஆசுப்பத்திரியாலை வந்தாப்பிறகு எல்லாரும் நல்ல சனமாய்த்தான் இருந்தவை. வாசலிலை நிண்டு, ஏதும் வேணுமோ எண்டு கேட்டவை. நான் இல்லையெண்டன், போட்டினம். எல்லாரையும் ஒண்டாய்க் கூப்பிட்டு இடத்தைச் சொல்லியிருந்தால் என்ன நடக்கும்? எல்லாருமாய்ச் சேர்ந்து சந்தோசமாய்ப் போய்ப் பிடுங்கி, ஒரு பையைக் கதவுக் கைப்பிடியிலை கொழுவிப்போட்டுப் போவினம். ரகசியம் எண்டால் அப்பிடி இல்லை. உள்ளை வந்து, கதவைச் சாத்தி, இருந்துதான் கதைக்க வேணும்."

இம்தியாஸ் முதலில் வெடித்தார். பிறகு மாரெக். மாரெக் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஞானம் சிரித்துக்கொண்டே அழுதாள். செலாம் போய்க் கிழவியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "நான் மனசுக்குள்ளை உங்களை வாட்டிலை படுத்திப்போட்டனே" என்று என்னவோ சொன்னாள். எனக்குக் கோபம்தான் வந்தது. முழுக் கட்டடத்திலும் என்னை மட்டும் தேர்ந்தெடுத்தார் என்று மூன்று கிழமை நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தவன் நான். பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தூரே மட்டும் சிரிக்கவில்லை. வெறும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்றான். ஐம்பத்திரண்டு வயது ஆள் சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டான். "நான் மகன். சின்னனிலை எத்தினை தரம் கேட்டிருப்பன்."

"என்ரை அம்மா எனக்குச் சொன்ன அடுத்தநாள் செத்துப்போனா" என்றார் குன்வூர். "பிள்ளைக்குச் சொன்னால் அலுவல் முடிஞ்சுது எண்டு அர்த்தம். என்ரை அலுவல் இன்னும் முடியேல்லை."

அதற்குமேல் யாரும் இல்லத்தைப் பற்றியோ அறையைப் பற்றியோ பேசவில்லை. கிழவி குளிர்ப்பெட்டியைத் திறக்கச் சொன்னார். தாச்சியில் முதலில் காளானின் தண்ணீர் வற்ற வேண்டும், பிறகுதான் வெண்ணெய் என்று கதிரையில் இருந்தபடியே கட்டளை போட்டார். ஞானம் யாருக்கும் தெரியாமல் யாழ்ப்பாணத் தூளைக் கொண்டுவந்து ஒரு சிட்டிகை போட்டாள். குன்வூர் ஒரு வாய் வைத்துவிட்டு, தட்டைப் பார்த்தார், ஞானத்தைப் பார்த்தார், முழுவதையும் முடித்தார்.

ஒக்டோபர் 1, ஞாயிறு

ஞாயிறு என்னுடைய நாள். காட்டுக்குப் போனேன். கடைசிக் கந்தரெல்கள், குளிரில் வாடிச் சுருண்டவை, ஒரு கையளவு. பதினொரு மணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, ஒன்றரை மணித்தியாலம் இருந்தேன். தூரே அடுக்களையில் பாத்திரம் கழுவினான். பேர்கன் அறையை வேண்டாம் என்று எழுதிவிட்டானாம்.

இரண்டு மணிக்கு அவன் ரயிலுக்குக் கிளம்பினான். நான் என் கதவைத் திறக்கப் போகையில் படிக்கட்டில் பிடித்துக்கொண்டான். சுற்றிவரப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"பாரா, எனக்குச் சொல்லுங்கோ. அம்மாவுக்குத் தெரியவராது. எங்கை அந்த இடம்?"

அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. காது சிவந்ததா தெரியாது, இந்த முறை பொய் சொல்லவில்லை.

"சத்தியம் பண்ணிப்போட்டன், தம்பி. என்னட்டைக் கேக்காதேயும். ஆனால் ஒண்டு சொல்லுறன். செவ்வாயும் வியாழனும் இன்னும் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை."

என்னை வெறித்துப் பார்த்தான். பேர்கன் ஏழு மணித்தியால ரயில் பயணம் என்று கணக்குப் பார்த்திருப்பான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அம்மாவின் கதவு மணியை மறுபடி அடித்தான்.

உள்ளே தள்ளுவண்டி உருண்டு வருகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது, அவன் உள்ளே போனான், கதவு சாத்தப்பட்டது. பூட்டுகிற சத்தமும் கேட்டது.